வெள்ளைக் கோடு

அன்று அந்த வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் மூவர். மாநிலச் சுகாதாரத் துறையை ஒரு காலத்தில் நடத்திய, ஓய்வுபெற்ற செயலர் அறம்வளர்த்தாள்; வீடு அவருடையது. அவரிடம் தொழில் கற்று, இன்று அதே நாற்காலியில் அமர்ந்திருக்கும் மாசிலாமணி. காலரா புகுந்த கீழ்ப்பாலூரின் நகராட்சி ஆணையர் வகிதா. நான்காவதாக அச்சமும் வந்திருந்தது. அதற்கு யாரும் நாற்காலி போடவில்லை.

“பயமா இருக்கும்மா,” என்றார் மாசிலாமணி. “அதிகாரிங்க மேசையை விட்டு எழுந்து ஊரைப் போய்ப் பாக்கணும்னு உத்தரவு போட்டவன் நான். மாசாமாசம் நானும் போனேன். கீழ்ப்பாலூருக்குப் போன மாசம்தான் போனேன். ஒரு குப்பை இல்ல. இன்னைக்கு அங்க பிணம் விழுது. நான் எதைப் பாக்காம விட்டேன்?”

“உள்ள வரும்போது என்ன பாத்த?”

“கேட்டுலேருந்து படி வரைக்கும் ரெண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடர் கோடு.” மாசிலாமணி சற்றே சிரித்தார். “எனக்கா இவ்வளவு மரியாதை?”

“செயலர் வரார்னா போடாம இருப்பாங்களா?”

அறம்வளர்த்தாள் எழுந்து உள்ளே சென்றார். ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து மாசிலாமணியின் முன் வைத்தார்.

“குடி. எங்க தொட்டித் தண்ணி. தொட்டிக்குன்னு வெச்சிருந்த பவுடர்தான் வாசல்ல கிடக்கு.”

மாசிலாமணி தம்ளரைத் தொடவில்லை. வகிதாவின் பக்கம் மெல்லத் திரும்பினார்.

“நான் வந்தப்ப?”

“ரயில்வே கேட்டுலேருந்து பயணியர் மாளிகை வரைக்கும், சார். ரெண்டு பக்கமும்.”

“மேல்நிலைத் தொட்டிக்கு?”

“அடுத்த லோடு வரட்டும்னு இருந்தோம்.”

வகிதாவின் கைபேசி ஒலித்தது. கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தார்.

“லோடு வந்துடுச்சாம், சார். நாளைக்கு அமைச்சர் வர்றார். மூட்டையை ரோட்டோரம் இறக்கவா, தொட்டியடியில இறக்கவான்னு கேக்கறாங்க. ரெண்டுக்கும் காணாதாம்.”

மாசிலாமணிக்கு அமைச்சரைத் தெரியும். கோடு இல்லாத சாலைக்காக ஒரு மாவட்ட ஆட்சியரை மாலைக்குள் மாற்றியவர். தலைமைச் செயலர் பதவிக்குத் தம் பெயர் அவர் மேசையில் காத்திருப்பதும் தெரியும்.

அறம்வளர்த்தாள் தம்ளரை ஒரு விரலால் இன்னும் சற்று நகர்த்தினார்.

“தொட்டிக்கு,” என்றார் மாசிலாமணி.

“எல்லா மூட்டையுமா, சார்?”

“எல்லாமும்.”

“அப்ப எழுத்துல கொடுத்துடுங்க. போன மாசம் ரோட்டுக்குப் போடச் சொன்னது வாய்வார்த்தையாத்தான். உங்க ஆபீஸ்லேருந்து.”



“பேனா இருக்கா, மாசிலாமணி?” என்றார் அறம்வளர்த்தாள். “இல்ல, நான் தரவா?”

பேனா மாசிலாமணியின் சட்டைப்பையில்தான் இருந்தது. அதை எடுக்க வெகுநேரம் ஆயிற்று. உத்தரவை எழுதிக் கையெழுத்திட்டார்.

வகிதா தாளை வாங்கினார். படித்தார். மடித்தார். வாசலின் வெள்ளைக் கோட்டை மிதித்துக் கலைத்தபடி வெளியே நடந்தார்.