யாருக்கும் வேண்டாத டிரம்

ஒரே பொருளுக்கு மூன்று பேர் சண்டை போட்ட கதைகள் நிறையக் கேட்டிருப்பீர்கள். இது, ஒரு பொருளை மூன்று பேரும் எனக்கு வேண்டாம் என்று தள்ளிவிட்ட கதை. தீர்ப்பு சொல்ல இதுதான் கஷ்டமானது. ஆகவே அவசரப்படாமல் கேளுங்கள்.

காங்கேயத்துக்குத் தெற்கே காரக்காட்டுவலசு என்று ஓர் ஊர். அங்கே பாவாத்தாளுக்குக் கிணற்றோடு ஒரு தோட்டம் இருந்தது. புருஷன் இறந்த பிறகு முழுத் தோட்டத்திலும் வெள்ளாமை செய்ய முடியாமல், ஒரு மூலையை அவினாசியப்பன் என்பவருக்குக் குத்தகைக்கு விட்டாள். அவர் கொட்டகை போட்டு, லாரிகளில் வடித்த பழைய ஆயிலைக் காய்ச்சிச் சுத்தம் செய்து விற்றார். விற்க முடியாத கசடை மண்ணில் ஊற்றினார். கேட்டால், "மண்ணுதானே, குடிச்சிரும்" என்பார். மண் குடித்தது. பிறகு அது கிணற்றிலும் இறங்கியது. தண்ணீர் மேல் எண்ணெய் ஏடு பல நிறமாக மினுங்கியது. மாடுகள் தொட்டியில் வாய் வைக்காமல் திரும்பின.

பாவாத்தாள் மூலையில் உட்கார்ந்து அழும் ரகம் இல்லை. கொட்டகைக்குப் பூட்டுப் போட்டாள். அவினாசியப்பன் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்த அன்று, கிணற்றுத் தண்ணீரை ஒரு குடத்தில் மொண்டு போய்ப் பந்தலில் எல்லார் முன்னாலும் வைத்தாள்.

"ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க. நான் பேசாமப் போயிர்றேன்."

அவர் குடிக்கவில்லை. சம்பந்தி வீட்டார் முன்னால் மானம் போகிறதே என்று, அந்த மண்ணைச் சுத்தம் செய்து தருவதாக அங்கேயே வாக்குக் கொடுத்தார்.

அந்த வேலைக்கு ஒத்துக்கொண்டவர் பக்கத்து ஊர் எண்ணெய் மில்காரர் வெள்ளியங்கிரி. அவரிடம் தவிட்டில் எண்ணெய் எடுக்கும் சால்வெண்ட் பிளாண்ட் ஒன்று சும்மா கிடந்தது. சால்வெண்ட் என்பது எண்ணெயைக் கரைத்து இழுத்துக்கொள்ளும் திரவம். மண்ணை வெட்டி, உலர்த்தி, அதில் ஊறவைத்தால் மண்ணில் ஒட்டிய ஆயில் எல்லாம் அதோடு கரைந்து வந்துவிடும். அந்தக் கலவையைச் சூடாக்கினால் சால்வெண்ட் ஆவியாகிப் போகும். அதைக் குளிரவைத்துப் பிடித்து மறுபடி பயன்படுத்தலாம். மண்ணில் மிஞ்சிய சால்வெண்ட் ஈரத்தையும் சூடு காட்டி விரட்டிவிடலாம். கடைசியில் நிற்பது கறுப்பாக ஒரு கசடு. வெள்ளியங்கிரி வேலையில் ஏமாற்றுகிற ஆள் இல்லை. சொன்னபடி செய்தார்.

மண் லாரியில் திரும்பி வந்தது. பாவாத்தாள் ஒரு கை அள்ளி வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கிப் பார்த்தாள். ஏடு இல்லை, நாற்றமும் இல்லை. அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதற்குள் டிரைவர் லாரியிலிருந்து ஒரு டிரம்மை உருட்டி இறக்கிக் கிணற்றோரமாக நிறுத்தினார்.

"அதென்னுங்க?"

"உங்க மண்ணுல இருந்து வந்த கசடுங்க. இறக்கிட்டு வரச் சொன்னாங்க."

பாவாத்தாள் நேரே போய் லாரிச் சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள். "இது ஏறாம வண்டி நகராது" என்றாள்.

செய்தி போய், வெள்ளியங்கிரி வந்தார். அவினாசியப்பனையும் இழுத்து வந்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் சுலோசனாவும் வந்து சேர்ந்தார்.

"அம்மிணி, எங்க மில்லு வழக்கத்தைச் சொல்றேன் கேளு" என்றார் வெள்ளியங்கிரி. "கடலை கொண்டாந்தவங்களுக்கு எண்ணெய். புண்ணாக்கு மில்லுக்கு. உன்ற மண்ணுல எடுத்த எண்ணெய் உனக்குத்தான் சேரும். பாவம்னு மண்ணையும் திருப்பிக் குடுத்திருக்கறேன்."

அவினாசியப்பன் தோளை உதறினார். "மண்ணைச் சுத்தம் பண்ணித் தர்றேன்னுதான் நான் சொன்னது. சுத்தமாயிருச்சு. மில்லுக்காரருக்குக் கூலியும் குடுத்தாச்சு. டிரம்மைப் பத்தி அன்னைக்கு ஒரு பேச்சும் இல்லையே."

"நான் குத்தகைக்கு விட்டது வெறும் மண்ணுங்க" என்றாள் பாவாத்தாள். "எனக்குத் திரும்பி வர வேண்டியதும் வெறும் மண்ணுதான். மேல ஒரு சொட்டு வந்தாலும் வாங்க மாட்டேன்."

தோட்டத்துக் கோடியில் குழி தோண்டிப் புதைத்து, மேலே சிமெண்டு பூசிவிடலாமே என்று கூட்டத்தில் ஒருவர் சமாதானம் பேசினார். கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன என்று இன்னொருவர் கேட்டார். விட்டுக்கொடுக்கச் சொல்கிறவர்கள் எப்போதும் அடுத்தவர் தோட்டத்தில் நின்றுதான் சொல்கிறார்கள்.

"டிரம்மு துருப்பிடிச்சா உங்க ஊட்டுக் கிணத்துலயா இறங்கும்?" என்று அவள் கேட்டாள்.

மூவர் சொன்னதிலும் பொய் இல்லை. மில் வழக்கம் உண்மை. வாக்கு அவ்வளவுதான் என்பதும் உண்மை. அவள் விட்டது வெறும் மண் என்பதும் உண்மை. இப்போது நீங்கள் சுலோசனாவின் இடத்தில் நில்லுங்கள். இன்று அந்த டிரம்மை ஏற்றிக்கொண்டு போக வேண்டியவர் யார்?

விடை: வெள்ளியங்கிரி. குற்றம் அவினாசியப்பனுடையது, அதனால் பலரும் அவர் பெயரையே சொல்லியிருப்பீர்கள். ஆனால் வழக்கத்தைப் பேசியவர் முதலில் அந்த வழக்கத்துக்குக் கட்டுப்பட வேண்டும். மில்லுக்கு வருகிறவர் எதைத் தேடி வருகிறாரோ அதை எடுத்துப் போகிறார். தேடி வராதது மில்லில் தங்குகிறது. கடலைக்காரர் தேடுவது எண்ணெய், ஆகவே புண்ணாக்கு தங்குகிறது. பாவாத்தாள் தேடியது மண். அவளுக்கு மண்தான் எண்ணெய், டிரம்மில் இருப்பது புண்ணாக்கு. அதைக் கொட்டவேண்டிய இடத்தில் பத்திரமாகச் சேர்க்கும் செலவை வெள்ளியங்கிரி கூலி கொடுத்தவரிடம் கறந்துகொள்ளட்டும். அது அவர்கள் இருவர் பாடு. சுலோசனா இப்படித்தான் தீர்ப்புச் சொன்னார். டிரம் லாரியில் ஏறியது, சாவியும் கைமாறியது. அவினாசியப்பன் மெல்ல நழுவப் பார்த்தார். பாவாத்தாள் வழியை மறித்து நின்றாள். "எங்கீங்க போறீங்க? மண்ணு வந்திருச்சு. கிணறு இன்னும் வரலீங்க."