விசிறிக்காரன் கேட்ட ஆசிரியர் முத்திரை

முன்னொரு காலத்தில் ஓர் அரசருக்கு ஊருக்கொரு பள்ளி வேண்டுமென்று ஆசை வந்தது. பக்கத்து நாட்டரசர் திறந்துவிட்டாராம், பொறுக்குமா? ஊர்களோ முந்நூறு. அரச கலாசாலை முத்திரை கொடுத்து அனுப்பும் ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஐந்தே பேர்.

உப்பளத்து ஊரில் செம்பாயி என்பவள் முத்திரையில்லாமலே நாற்பது பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுத்து வந்தாள். அவளைச் சபைக்கு அழைத்த அரசர், “இவளுக்கும் முத்திரை தரலாமே” என்றார். கலாசாலைத் தலைவர் ஈசானப் பண்டிதர் கொதித்தெழுந்தார்.

“அரசே, பன்னிரண்டு ஆண்டு நாள் தவறாமல் என் பாடத்தில் இருந்தவருக்கே முத்திரை. அதுதான் விதி. குறுக்கு வழி திறந்தால் கலாசாலை எதற்கு?”

அரசருக்குப் பிரியமான விகடகவி அம்பலவாணன்மேல் பண்டிதருக்கு வெகுநாள் புகைச்சல். அவன் பக்கம் திரும்பினார். “எல்லாவற்றுக்கும் வழி சொல்வீரே! நீர் விதியில் ஓர் எழுத்தும் மாற்றாமல் நாளைக்குள் இவளுக்கு முத்திரை வாங்கித் தாரும். இல்லையேல் அந்தப் பள்ளியை மூடிவிடுவோம்.”

அரசரும் தலையாட்டிவிட்டார்.

“சாமி, பிள்ளைங்க இப்பத்தான் எழுத்துக்கூட்டி வாசிக்குதுங்க” என்றாள் செம்பாயி.

அம்பலவாணனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. கலாசாலைக்குப் போய் வகுப்பை எட்டிப் பார்த்தான். சிரித்துக்கொண்டே திரும்பினான்.

மறுநாள் சபைக்கு ஒருவனை அழைத்து வந்தான். “அரசே, இவன் கூத்தன். பண்டிதருக்கு விசிறி வீசுபவன். பதினான்கு ஆண்டுகளாக ஒருநாள் தவறாமல் பாடத்தில் இருக்கிறான். விதிப்படி முத்திரை கேட்டு வந்திருக்கிறான்.”

“என்னப்பா கற்றாய்?” என்றார் அரசர்.

“ஐயா பாடம் சொன்னா மெதுவா வீசணும் மகாராஜா. கண்ணசந்தா ஈ உக்காராம வேகமா வீசணும்.”

சபை கொல்லென்று சிரித்தது. பண்டிதர் முகம் சிவந்தது. “தன் பெயரைக்கூட எழுதத் தெரியாதவன்! பாடத்தில் இருந்தால் மட்டும் போதுமா? சொல்லிக்கொடுக்கத் தெரிய வேண்டாமா?”

“விதியில் அப்படி இல்லையே, பண்டிதரே?” என்றான் அம்பலவாணன்.

“இல்லாவிட்டால் சேருங்கள்! எத்தனை ஆண்டு இருந்தான் என்பதை விடுங்கள். சொல்லிக்கொடுக்கும் திறமையைப் பாருங்கள்!”

“நான் ஓர் எழுத்தும் மாற்றவில்லை, அரசே. மாற்றச் சொன்னவர் தலைவரே” என்று வணங்கினான் அம்பலவாணன். “திறமையைப் பார்த்துவிடலாமா? மாணவன் இதோ நிற்கிறான்.”

செம்பாயி கூத்தனை முற்றத்து மணலில் உட்கார வைத்தாள். உச்சிப்பொழுதில் அரசர் வந்து பார்த்தார். கூத்தன் தன் பெயரைக் கோணல்மாணலாக எழுதிவிட்டு, அதையே வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பண்டிதரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்:

“இம்புட்டுத்தானா ஐயா?”

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செம்பாயிக்கு முத்திரையும் அம்பலவாணனுக்குத் தம் கழுத்து முத்துமாலையும் கொடுத்தார். இனி முத்திரை கேட்கும் எவரும், கலாசாலை மாணவரே ஆனாலும், முதலில் இந்த மணலில் உட்கார்ந்து ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டார்.