கட்டுவிரியனுக்குப் படம் கிடையாது

மதுரையில் ஓர் அச்சகத்தின் மாடியில், ஜன்னலோரம் கிடந்த மேசையில் ஒரு பென்சிலும் ஒரு ரப்பரும் குடியிருந்தன. அந்த மேசையில் உட்கார்ந்து வரைகிறவள் பெயர் தமயந்தி. கல்யாணப் பத்திரிகை, மிட்டாய் டப்பா, பள்ளிக்கூட ஆண்டு மலர், எது வந்தாலும் அவள் கைதான்.

பென்சிலுக்கு வாய்த்துடுக்கு அதிகம். "இது மூக்கா, முருங்கைக்காயா?" என்று அவளிடமே கேட்கும். ரப்பர் பேசாது. தப்பு என்று பட்டால் உருண்டு வந்து தாளின் மேல் உட்கார்ந்துகொள்ளும். இரண்டின் மேலும் தமயந்திக்கு எரிச்சல் வரும். ஆனால் அவை இல்லாமல் ஒரு கோடு இழுக்கமாட்டாள்.

ஒரு நாள் அச்சக முதலாளி சௌந்தரபாண்டியன் மாடியேறி வந்து, கம்ப்யூட்டருக்குள் புதிதாக ஒன்றைக் குடிவைத்தார். அதன் பெயர் நொடி.

"வாயால சொன்னா போதும்மா, அதுவே வரைஞ்சுரும். உன் வேலைய எடுத்துரும்னு நெனைக்காத. ஒத்தாசைக்குத்தான்."

"வணக்கம்," என்றது நொடி. "உங்கள் கற்பனைக்கு உயிர் கொடுக்கக் காத்திருக்கிறேன்!"

"ரேடியோல வர்ற விளம்பரம் மாதிரியே பேசுது," என்றது பென்சில். சௌந்தரபாண்டியனுக்குப் பென்சில் பேசுவது கேட்காது.

தமயந்தி நொடியை வெறுக்கவில்லை. நல்ல மனத்தோடுதான் வேலை கொடுத்தாள். பின்னணிக்கு நிறம் பார்க்க, ஒரே படத்தைச் சின்னதும் பெரிதுமாக அடுக்க, அது கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது. தொல்லையெல்லாம் உயிருள்ள எதையாவது வரையச் சொன்னபோதுதான் வந்தது. ஜல்லிக்கட்டுக் காளையைக் கேட்டால் திமிலைக் கொண்டுபோய் இடுப்பில் வைத்தது. மணப்பெண்ணைக் கேட்டால் மாலையைப் பிடிக்க மூன்றாவதாக ஒரு கை கொடுத்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தப்பைச் சொன்னதும் அது பேசுகிற பேச்சைத்தான் தமயந்தியால் தாங்க முடியவில்லை.

"மிகச் சரியாகச் சொன்னீர்கள்! என்ன கூர்மையான கவனிப்பு! இதோ திருத்திவிட்டேன்."

திருத்திய படத்தில் கை இரண்டுதான் இருக்கும். மாலை மட்டும் தோளுக்குள் புகுந்து முதுகு வழியாக வெளியே வந்திருக்கும்.

"கோவிச்சாலும் சந்தோஷப்படுது, திட்டினாலும் சந்தோஷப்படுது," என்று தலையில் அடித்துக்கொண்டாள் தமயந்தி. "சண்டை போடக்கூட ஆகாத ஜென்மம்."

"நானா இருந்தா முனையை ஒடிச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பேன்," என்றது பென்சில் பெருமையாக.

அப்படி இருக்கும்போதுதான் டாக்டர் பெனசிர் வந்தார். ஊருக்கு வெளியே ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர். மழைக்காலத்துக்கு முன்னால் சுற்றுக் கிராமங்களில் ஒட்ட, பாம்புக்கடி பற்றி ஒரு சுவரொட்டி வேண்டும் என்றார்.

"முக்கியமா கட்டுவிரியன்," என்றார். "வயல்ல, வரப்புல கடிக்கிறது இல்ல இது. வீட்டுக்குள்ள வந்து, தரையில படுத்திருக்கிறவங்களக் கடிக்கும். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். வலியே தெரியாது. பார்த்தாலும் விஷமில்லாத சுவர்ப்பாம்புன்னு விட்டுருவாங்க. விடியும்போது மூச்சு நிக்கும். சந்தேகம் வந்தாலே ஓடி வந்துரணும், அதுக்கு ஒரு படம் வேணும் எனக்கு."

அவர் படியிறங்கும் முன்பே சௌந்தரபாண்டியன் நொடியிடம் சொல்லிவிட்டார். திரையில் ஒரு பாம்பு எழுந்து நின்றது. பளபளவென்று, பச்சைக் கண்ணோடு, தலையை விரித்துப் படமெடுத்து ஆடியது. பின்னால் மின்னல் வெட்டியது.

"அடேயப்பா!" என்றார் சௌந்தரபாண்டியன். "பாத்தாலே ஒதறுதுல்ல?"

"அண்ணே, இது நல்லபாம்பு மாதிரி படமெடுக்குது. கட்டுவிரியனுக்குப் படம் கிடையாது."

"படம் கிடையாதா?" என்றது நொடி. "கவலை வேண்டாம்! புதிதாக ஒரு படம் உருவாக்கித் தருகிறேன்."

இன்னும் பெரிதாகப் படமெடுத்த பாம்பு ஒன்று வந்தது.

தமயந்தி பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினாள். படம் என்றால் பாம்பு தலையை விரிப்பது. கட்டுவிரியன் தலையை விரிக்காது. உடம்பு கறுப்பு. குறுக்கே மெல்லிசாக வெள்ளைக் கோடு, பெரும்பாலும் இரண்டிரண்டாக இருக்கும்.

"மிகச் சரியாகச் சொன்னீர்கள்!" என்றது நொடி. தலை சுருங்கியது. கோடு நீளவாக்கில் ஓடியது. குறுக்கே என்று சொன்னதும் வரிக்குதிரை மாதிரி பட்டை பட்டையாக வந்தது. மெல்லிசு என்று சொன்னதும் கோடு அடியோடு மறைந்து வாலில் ஒரு கிலுகிலுப்பை முளைத்தது.

"நீ கட்டுவிரியனப் பாத்திருக்கியா?" என்று கேட்டாள்.

"லட்சக்கணக்கான பாம்புப் படங்களிலிருந்து கற்றிருக்கிறேன்."

"அதக் கேக்கல. கட்டுவிரியன் உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"நிச்சயமாகத் தெரியும்! இதோ இன்னும் நான்கு கட்டுவிரியன்கள்."

நான்கும் நான்கு மாதிரி இருந்தன.

ரப்பர் உருண்டு வந்து திரைக்கு முன்னால் நின்றது. கண்ணாடியை என்ன செய்வது என்று அதற்குத் தெரியவில்லை.

சௌந்தரபாண்டியனுக்கும் பொறுமை போய்விட்டது, ஆனால் தமயந்தி மேல். "ஒரு நோட்டீஸ் படத்துக்கு இம்புட்டு இழுக்கிற. பாம்பு மாதிரி இருக்குல்ல, விடும்மா."

"மாதிரி இருந்தாப் பத்தாதுண்ணே. இதப் பாத்துட்டுத்தான ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குப் போறதா வேணாமான்னு முடிவு பண்ணப் போறாரு?"

மறுநாள் அவர் நான்கில் அழகாக இருந்த ஒன்றை டாக்டரின் போனுக்கு அனுப்பிவிட்டார். அடுத்த நிமிடமே டாக்டர் தமயந்தியை அழைத்தார்.

"இது எந்தத் தேசத்துப் பாம்பும்மா? முடிஞ்சா இப்பவே கிளம்பி வாங்க. காலையில ஒண்ணு வந்திருக்கு இங்க. கடிபட்டவங்களோடயே."

தமயந்தி பென்சிலைக் கொண்டையில் செருகி, ரப்பரைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரி மேசையில் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் செத்த பாம்பு கிடந்தது. விரல் தடிமன்கூட இல்லை. கண் சின்னதாக, மங்கலாக இருந்தது. பயமுறுத்துகிற மாதிரி அதில் ஒன்றுமே இல்லை. பென்சில் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. அவள் வரைய வரைய அடங்கி நடந்தது. கழுத்துப் பக்கம் கோட்டை அழுத்தமாகப் போட்டபோது மட்டும் ரப்பர் வந்து நின்றது. அவள் குனிந்து மறுபடி பார்த்தாள். ஆமாம், தலைப்பக்கம் கோடு மங்கி, வால் பக்கம் போகப் போகத்தான் தெளிந்தது.

நிமிர்ந்தபோது எதிரே ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். வேட்டியில் சேறு காய்ந்திருந்தது.

"அது நான் அடிச்சதுதான் தாயி," என்றார். "பேரு அய்யாவு. உள்ள படுத்திருக்கிறது என் சம்சாரம், செவனம்மா. மிசினுதான் மூச்சு விடுது அவளுக்கு."

தமயந்தி பென்சிலைக் கீழே வைத்தாள். அவரே பேசினார்.

"என்னமோ சுருக்குன்னுச்சுன்னு எழுப்புனா. வலிக்குதாடின்னு கேட்டேன். இல்லைன்னா. அப்பப் படுன்னுட்டேன். விடிஞ்சு நான் என் பாயைச் சுருட்டுறேன், அடியில இது கெடக்கு. அவ கண்ணு தொறக்கல." கவரைக் காட்டினார். "நீங்க என்னத்துக்கு இத வரையிறீங்க?"

சொன்னாள்.

"அப்ப என் மூஞ்சியையும் போடுங்க."

"உங்க மூஞ்சி எதுக்குங்கய்யா?"

"படுன்னு சொன்னவன் மூஞ்சி வேணாமா? பாம்பப் பாத்தா எல்லாரும்தான் பயப்படுவாக. என்னையப் பாத்துப் பயப்படட்டும்."

தமயந்தி அவரை அங்கேயே நிற்க வைத்து வரைந்தாள். பிறகு பாம்பைப் பெரிதாகப் போடும் யோசனையை விட்டுவிட்டாள். படத்தில் பாதி முழித்த ஒரு புருசன், படு என்று சலிப்போடு கையை ஆட்டுகிறான். பக்கத்தில் பெண்டாட்டி நிம்மதியாகத் தூங்குகிறாள். பாயின் ஓரத்தில், உள்ளது உள்ளபடி, மெல்லிய கட்டுவிரியன். கீழே ஒரே வரி: "வலிக்கலையேன்னு படுத்துராதீங்க."

மறுநாள் சௌந்தரபாண்டியன் அதைப் பார்த்து முகம் சுளித்தார். "ஆளு இப்படி அழுது வடியிறான். யாரும்மா நின்னு பாப்பா? நொடி, இத கொஞ்சம் எடுப்பாக்கு."

"இதோ!" என்றது நொடி. அய்யாவுவின் கன்னம் மினுமினுத்தது. பல் வெளுத்தது. அவர் சிரித்தபடி கையை ஆட்டினார். தலைமாட்டில் ஒரு குத்துவிளக்கு எரிந்தது. பாம்புக்கு மறுபடியும் படம் விரிந்திருந்தது.

தமயந்தி எழுந்துவிட்டாள். "போதும்ணே. இதச் சரி பண்ணச் சொல்லி இனிமே என் தொண்டத்தண்ணிய வத்தவிடமாட்டேன். மூஞ்சிய மாத்தணும்னா நீங்க மாத்திக்கங்க. அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்குப் போயி, அந்த மனுசன்கிட்ட, உங்களச் சிரிக்க வைக்கப்போறோம்னு சொல்லிட்டு வந்துருங்க."

"நானே போய்ச் சொல்கிறேன்," என்றது நொடி. "அவருடைய மின்னஞ்சல் முகவரி என்ன?"

சௌந்தரபாண்டியன் திரையைப் பார்த்தார். தாளில் இருந்த அய்யாவுவைப் பார்த்தார். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உன் இஷ்டம்," என்று முணுமுணுத்துவிட்டுக் கீழே போனார். தாளில் இருந்ததே அச்சாயிற்று. ஊர் ஊருக்கு வேண்டிய அளவில் வெட்டி அடுக்கும் வேலையை நொடிக்குக் கொடுத்தாள் தமயந்தி. அதை அது ஒரு குறையும் இல்லாமல் செய்தது.

செவனம்மாள் பிழைத்துக்கொண்டாள். சுவரொட்டி தீர்ந்து, டாக்டர் இன்னும் வேண்டும் என்று கேட்டிருந்த வாரத்தில், புருசனையும் கூட்டிக்கொண்டு அச்சகத்துக்கே வந்துவிட்டாள். மெலிந்த உருவம். குரல் மட்டும் கணீரென்று இருந்தது. அய்யாவு வாசற்படியோடு நின்றுகொண்டார். அவள் நேராகப் போய்ச் சுவரில் ஒட்டியிருந்த படத்தின் முன்னால் நின்றாள்.

"இவரு அப்படியே இருக்காரு," என்றாள். "நாந்தான் தப்பா இருக்கேன்."

தமயந்திக்குச் சுருக்கென்றது. "என்னக்கா தப்பு?"

"தூங்குற மாதிரில்ல போட்டிருக்க? நான் தூங்கல தாயி. முழிச்சுத்தான் இருந்தேன். கண்ணு தொறக்க வரல, நாக்கு அசைய வரல. கைய அவரு மேல போடணும்னு பாக்குறேன், கை என் சொல் கேக்கல. ஆனா எல்லாம் கேட்டுச்சு."

நொடி முந்திக்கொண்டது.

"அருமையான தகவல்! தூங்காத பெண்ணை வரைந்துவிட்டேன்."

திரையில் நான்கு செவனம்மாக்கள் பாயில் படுத்து, கண்ணை அகலத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தமயந்தி திரையை அணைத்தாள். சுவரொட்டியைப் பிரித்து மேசையில் விரித்தாள். ரப்பர் வந்து, தூங்கும் முகத்தின் மேல் உட்கார்ந்தது.

"மூடுன கண்ணுக்குள்ள ஒருத்தி முழிச்சிருக்கா," என்றது பென்சில். அதன் குரலில் துடுக்கு இல்லை. "அத எப்பிடி வரைவ?"

"தெரியல," என்றாள் தமயந்தி.

ஒரு நாற்காலியைச் செவனம்மாளுக்கு இழுத்துப் போட்டாள். தானும் எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, எல்லாம் கேட்டுச்சுன்னீங்களே. அப்ப உங்களுக்கு என்ன கேட்டுச்சு?"

செவனம்மாள் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

"இவரு கொறட்டை," என்றாள்.