ஏழு விநாடி

அநியாயம் நடந்தது செங்கமலத்துக்கு. செய்தது அவளுடைய சொந்தக் குழு. பறித்தது ஒன்பது நிமிடம். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

ஐந்து பந்தயங்கள் கொண்ட சாம்பியன்ஷிப். ஒவ்வொன்றும் ஆறு மணி நேரம். ஒரே காரை மூன்று பேர் மாறி மாறி ஓட்ட வேண்டும். ஒருவர் குறைந்தது ஒன்றரை மணி நேரமாவது ஓட்டியிருந்தால்தான் அவர் பெயரில் புள்ளி ஏறும். விதி அப்படி.

நான்கு பந்தயம் முடிந்தபோது பட்டியலின் உச்சியில் செங்கமலத்தின் பெயர் இருந்தது. அதே காரை ஓட்டும் நவநீதன் அடுத்த இடம். அவன் இரண்டாம் பந்தயத்துக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. இல்லாவிட்டால் இருவரும் சமம். நவநீதனின் அப்பாதான் குழுவின் முதலாளி.

கடைசிப் பந்தயம், கிருஷ்ணகிரி தாண்டி மாந்தோப்புகளுக்கு நடுவே கிடக்கிற தடத்தில். பங்குனி வெயில். காருக்குள்ளே ஐம்பத்தைந்து டிகிரி. செங்கமலம் ஒரு மணி இருபத்தொரு நிமிடம் ஓட்டி, காரை முதலிடத்துக்குக் கொண்டு வந்திருந்தாள். அப்போது ரேடியோவில் மேனேஜர் தியாகு பேசினார்.

"உள்ளே வாம்மா."

"இன்னும் ஒன்பது நிமிஷம் இருக்கு சார்."

"தெரியும். உள்ளே வா."

டயர் நன்றாக இருந்தது. டேங்கில் பெட்ரோல் இருந்தது. காரணம் ஒன்றுதான். அவள் புள்ளி இல்லாமல் இறங்கி, மீதி நேரம் முழுக்க நவநீதன் ஓட்டி, கார் ஜெயித்தால், சாம்பியன் நவநீதன்.

அவள் உள்ளே வந்தாள்.

ஆள் மாறும்போது ஒரு வழக்கம் உண்டு. இறங்குகிறவர்தான் ஏறுகிறவருக்கு பெல்ட் மாட்டிவிட வேண்டும். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, தொடைக்கு நடுவே இரண்டு என்று ஆறு பட்டை; எல்லாம் நடுவே ஒரே பூட்டில் சேரும். ஹெல்மெட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு இருக்கையில் புதைந்திருப்பவனுக்குத் தன் மடியே தெரியாது. அதனால் வியர்வை சொட்டச் சொட்ட வெளியே வந்தவர், தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பக் காருக்குள் குனிய வேண்டும். தன் இடத்தைப் பிடுங்கிக்கொண்டவனாக இருந்தாலும் குனியத்தான் வேண்டும்.

செங்கமலம் குனிந்தாள். பதினோரு விநாடியில் ஆறு பட்டையையும் மாட்டிவிட்டாள். அவளுடைய வழக்கமான நேரம் பதினெட்டு. பெட்ரோல் போட்டவர்கள் விலகிவிட்டார்கள். போகலாம் என்று தியாகு கையை உயர்த்திவிட்டார்.

அவள் பூட்டைத் தட்டி ஆறு பட்டையையும் கழற்றினாள்.

திரும்ப மாட்டினாள். இந்தத் தடவை பதினான்கு விநாடி. கதவைச் சாத்தினாள். கார் போயிற்று.

கூட்டிப் பாருங்கள். இருபத்தைந்து. வழக்கத்தைவிட ஏழு விநாடி அதிகம்.

நவநீதன் நன்றாகவே ஓட்டினான். அதை மறுக்க முடியாது. ஆனாலும் கார் இரண்டாவதாகத்தான் வந்தது. ஐந்து விநாடி வித்தியாசம். சாம்பியன் பட்டம் சென்னைக்காரர் ஒருவருக்குப் போயிற்று.

கொடி விழுந்து பத்து நிமிடத்துக்குள் தியாகு புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். 'வஞ்சம் வைத்து வேண்டுமென்றே தாமதம் செய்தார்.'

விசாரணை அறையில் ஏசி ஓடியது. மேசைக்குப் பின்னால் பந்தய நடுவர்கள் மூன்று பேர். ஒரு தட்டில் பிஸ்கட். வீடியோவை மூன்று முறை போட்டுப் பார்த்தார்கள்.

நடுவில் இருந்தவர் கேட்டார். "மாட்டி முடிச்ச பெல்ட்டை வேணும்னேதான் கழட்டினீங்களா?"

"ஆமா சார்."

"ஏன்?"

"சரியா மாட்டல."

"யார் மாட்டினது?"

"நான்தான்."

"எத்தனை வருஷமா ஓட்டறீங்க?"

"பன்னெண்டு."

"பன்னெண்டு வருஷம் ஓட்டின ஆளுக்கு பெல்ட் மாட்டத் தெரியலையா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். தியாகுவும் சிரித்தார்.

நவநீதனைக் கேட்டார்கள். "தம்பி, முதல்ல மாட்டினது சரியா இருந்துச்சா, இல்லையா?"

அவன் செங்கமலத்தைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "தெரியல சார். நான் ரோட்டைப் பார்த்துட்டு இருந்தேன்."

கதவருகே நின்றிருந்த மூன்றாவது ஓட்டுநர் அதற்குமேல் பொறுக்கவில்லை. அவர் டாக்டர் பரஞ்சோதி. ஈரோட்டில் பல் மருத்துவர், ஐம்பத்திரண்டு வயது. பணம் கட்டிக் கார் ஓட்ட வந்தவர். அவருக்கெல்லாம் தனிப் பட்டியல், தனிப் புள்ளி. செங்கமலத்திடம் பதினான்கு மாதமாகப் பாடம் கேட்கிறார். தன்னைவிடப் பதினெட்டு வயது சின்னவளை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்.

"ஒன்பது நிமிஷம் பாக்கி இருக்கும்போதே இவங்களை இறக்கினாங்களே, அதை யாரும் கேட்க மாட்டீங்களா?"

"அது உங்க குழுவோட உள்விவகாரம் டாக்டர்."

"அப்போ ஏழு விநாடி?"

"அது பந்தயத்துக்குச் செஞ்ச துரோகம்."

ஆக, ஒன்பது நிமிடத்தைப் பறித்தால் உள்விவகாரம். ஏழு விநாடி தாமதித்தால் துரோகம். ஆறு மாதத் தடை என்று எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பிஸ்கட் தட்டு காலியாகியிருந்தது.

வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கொட்டகையில் கார் மட்டும் நின்றது. மெக்கானிக்குகள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். லாரி வந்ததும் காரை ஏற்ற வேண்டும். செங்கமலம் ஒரு டயர் மேல் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். காலுறையிலிருந்து வியர்வையைப் பிழிந்தாள்.

டாக்டர் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"ரேடியோ கேட்கலைன்னு சொல்லிட்டு ஒன்பது நிமிஷம் ஓட்டியிருக்கலாமில்ல?"

"கேட்டுச்சே டாக்டர்."

"எல்லாரும் சொல்றதுதானே அது!"

"எல்லாருக்கும் காது மந்தமா இருக்கலாம்."

"சிரிப்பு வரல டீச்சர்."

"எனக்கும் வரல."

அவர் நின்றார். "சரி, உள்ளே வந்தீங்க. மாட்டினீங்க. கையை எடுத்திருந்தா போச்சு. கார் ஜெயிச்சிருக்கும். பட்டம் இல்லைன்னாலும் பேர் கெட்டிருக்காது. இப்ப பட்டமும் இல்ல, பேரும் இல்ல, ஆறு மாசம் வண்டியும் இல்ல. எதுக்குக் கழட்டினீங்க?"

"சரியா மாட்டல."

"அதை அவங்ககிட்ட சொல்லுங்க! என்கிட்ட சொல்லாதீங்க. கண்ணை மூடிக்கிட்டு மாட்டற கை உங்க கை. நான் ஓட்டப் பழக வந்தேன். மூணு மாசம் என்னை பெல்ட் மட்டுமே மாட்ட வெச்சீங்க. பணத்தைக் கட்டிட்டு எடுபிடி வேலையான்னு என் சம்சாரம் கேட்டா. இடுப்புப் பட்டை முதல்ல, எலும்பு மேல; தோள் பட்டை அப்புறம். தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவேன். எனக்கே தப்பாது. உங்களுக்கு எப்படித் தப்பும்?"

செங்கமலம் ஷூவைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். முழங்காலைப் பிடித்து எழுந்தாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும்" என்றார் டாக்டர். "வஞ்சமா? வஞ்சம்னா வஞ்சம்னு சொல்லுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன். நானா இருந்தா அந்தப் பையனை பெல்ட்டே இல்லாம அனுப்பியிருப்பேன்."

அவள் காரின் கதவைத் திறந்தாள். உள்ளே இறங்கி உட்கார்ந்தாள். ஆறு பட்டையும் இருபுறமும் கிடந்தன.

"மாட்டுங்க டாக்டர்."

"இப்பவா?"

"இப்பதான்."

"லாரி வந்துரும்."

"வரட்டும். உங்க வாட்சை இப்படிக் கொடுங்க."

டாக்டர் கழுத்தில் எப்போதும் தொங்கும் ஸ்டாப்வாட்சைக் கழற்றிக் கொடுத்தார். காருக்குள் குனிந்தார். வாய் நிற்கவில்லை.

"சிரிக்கறாங்க டீச்சர். பிஸ்கட்டைத் தின்னுக்கிட்டே சிரிக்கறாங்க. அந்தத் தியாகு இருக்கானே, ரெண்டு மாசம் முன்னாடிதான் என்கிட்ட கடைவாய்ப் பல்லுக்கு வைத்தியம் பண்ணிக்கிட்டான். இன்னும் ஒரு பல் பாக்கி இருக்கு. வரட்டும்..."

பட்டைகளை இழுத்தார். பூட்டு 'டக்' என்றது. நிமிர்ந்தார்.

"எவ்வளவு?"

"பத்து விநாடி."

"பத்தா!" டாக்டர் முகம் மலர்ந்தது. "இருபதுக்குக் கீழே நான் வந்ததே இல்லையே!"

"இடுப்பைப் பாருங்க."

குனிந்து பார்த்தார். இடுப்புப் பட்டை எலும்பின் மேல் இல்லை. ஏறி வயிற்றின் மேல் கிடந்தது. ஒரு மடிப்பு திருகியிருந்தது. தோள் பட்டை மட்டும் மூச்சு விட முடியாத அளவுக்கு இறுகியிருந்தது. தோளைத்தான் முதலில் இழுத்திருக்கிறார். இந்த நிலையில் கார் எதிலாவது மோதினால் பட்டை குடலைத்தான் பிடிக்கும். முதல் நாள் பாடமே அதுதான்.

டாக்டர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். பல் பிடுங்கும் கை. முப்பது வருடமாக நடுங்காத கை.

"மாட்டும்போது யாரை நினைச்சுக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டாள் செங்கமலம்.

"தியாகுவை."

"கழட்டுங்க."

அவர் பூட்டைத் தட்டினார். பட்டைகள் சரிந்தன. செங்கமலம் வாட்சை மறுபடி அழுத்தி ஓடவிட்டாள். இடுப்புப் பட்டையைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். காதுகள் சிவந்திருந்தன. மூச்சு இன்னும் வேகமாகவே ஓடியது. பட்டையைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் காரின் கூரைமேல் ஊன்றிக்கொண்டு வெளியே பார்த்தார்.

தடத்தில் யாரோ பிளாஸ்டிக் கூம்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மாந்தோப்புப் பக்கம் காற்று எழுந்து அடங்கியது. கொட்டகை வாசலில் நவநீதன் வந்து நின்றான். எதையோ சொல்ல வந்தவன் போலிருந்தான். "அக்கா" என்றான். செங்கமலம் தலையை மட்டும் அசைத்தாள். அவன் போய்விட்டான்.

டாக்டர் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி பட்டையை எடுத்தார். மறுபடி வைத்தார்.

வெகுநேரம் கழித்துக் குனிந்தார். இந்தத் தடவை பேசவில்லை. இடுப்புப் பட்டையை எலும்பின் மேல் வைத்து, விரலால் நீவி, மடிப்பு எடுத்து, இழுத்தார். பிறகு தொடைப் பட்டை. கடைசியில் தோள். ஒரு விரல் மட்டும் நுழையும் அளவுக்கு இறுக்கினார்.

செங்கமலம் அசைந்து பார்த்தாள். பெல்ட் அசையவில்லை. வாட்சை அழுத்தி நிறுத்தினாள்.

"நாளைக்கு ரெண்டு கடுதாசி எழுதணும் டாக்டர்" என்றாள். "ஒன்பது நிமிஷத்துக்கு ஒண்ணு, தடைக்கு ஒண்ணு. இங்கிலீஷ் நீங்க பாருங்க. விடறதா இல்ல."

"எழுதலாம்." அவர் குரல் இறங்கியிருந்தது. "அந்தப் பையன் இதுலேயே ரெண்டு மணி நேரம் ஓட்டினானே டீச்சர். நீங்க முதல்ல மாட்டினதோட போயிருந்தா..."

அவள் இடுப்புப் பட்டையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இதை அந்த ரூம்ல சொல்லியிருக்கலாமே."

"கேட்டாங்க. சரியா மாட்டலைன்னு சொன்னேன்."

டாக்டர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தூரத்தில் லாரியின் ஹாரன் கேட்டது.

"இப்ப எனக்கு எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டார்.

செங்கமலம் வாட்சை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"நாலு நிமிஷம். எனக்கு ஏழு விநாடிதான் கிடைச்சுது, டாக்டர்."