மஞ்சளில் வடை சுடலாகாது

கீழப்பூவாணி என்று ஓர் ஊர், மேலப்பூவாணி என்று ஓர் ஊர், நடுவே ஓர் எல்லை. வெகுகாலம் அந்த இரண்டு ஊர்களிலும் நிலம் தன்பாட்டுக்குக் கிடந்தது. நெல் காய்ந்த களத்திலேயே கல்யாணப் பந்தி நடந்தது. வீட்டுக் கொல்லையில் முருங்கை காய்த்தது. அதெல்லாம் தப்பு என்று யாருக்கும் தெரியாது. தெரியவைப்பதற்காகத்தான் நிலப் பயன்பாட்டுக் கொள்கைச் சங்கம் உண்டாயிற்று.

சங்கத்துக்குத் தலைவர் பிரமநாயகம். உறுப்பினர்கள் ஆவுடையப்பன், மாசானம். செயலாளர் உலகநாதன். உலகநாதனுக்குப் பதவி உண்டு, சம்பளம் கிடையாது. அவர் மனைவி கோமு வீட்டு வாசலில் உளுந்தவடை சுட்டு விற்றாள். குடும்பம் அதில் ஓடியது. கூட்டந்தோறும் ஒரு தட்டு வடை போனதால் சங்கமும் அதிலேயே ஓடியது.

ஒருநாள் மேலிடத்து உத்தரவு வந்தது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பயன்பாட்டைக் குறிக்க வேண்டும். குறித்ததைத் தவிர வேறெதற்கும் அந்த நிலத்தைப் பயன்படுத்தலாகாது. இப்படி ஒரு கொள்கை வகுத்து இரண்டு பஞ்சாயத்துகளுக்கும் கொடுக்க வேண்டும்.

பிரமநாயகம் அதைக் கண்ணாடி போட்டு ஒருமுறை படித்தார், கழற்றிவிட்டு ஒருமுறை படித்தார். இரண்டு தடவையும் அது ஒன்றுபோலவே இருந்தது.

"அப்ப மெய்தான்வே," என்றார்.

உலகநாதன் பெரிய வரைபடத்தை விரித்து, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு வண்ணம் தீட்டினார். வீடுகளுக்கு மஞ்சள். வயலுக்குப் பச்சை. கடைத்தெருவுக்குச் சிவப்பு. குளத்துக்கு நீலம். செங்கல் சூளைக்கு ஊதா. சாலைக்குச் சாம்பல். ஊர் எல்லைக்கு மட்டும் கறுப்புப் பென்சிலால் ஒரு கோடு. பார்க்க அழகாக இருந்ததால் இரண்டு பஞ்சாயத்துகளும் மேசையைத் தட்டி ஏற்றுக்கொண்டன.

மறுநாளே சங்கம் ஊரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியது. கோடைக்காலம். வறண்ட குளத்துக்குள் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"அண்ணாச்சி, இது நீலம்," என்றார் மாசானம் கலவரத்தோடு. "நீலத்துல ஆடு நடக்கு."

"நடந்தா அது சாலைப் பயன்பாடுல்லா?" என்றார் ஆவுடையப்பன்.

"மேஞ்சா பச்சை."

பிரமநாயகம் தீர்ப்புச் சொன்னார். "நீலத்துல நிக்கிற ஆடு நீந்தணும். வேற வழியே கெடையாது."

ஆட்டுக்காரன் எவ்வளவோ கெஞ்சினான். சங்கம் கருணையோடு, ஆடு நீந்தப் பழகும்வரை அதன் கால்கள் தரையில் படாமல் அவனே தூக்கிப் பிடித்திருக்கலாம் என்று சலுகை கொடுத்தது.

அடுத்து ஒரு வீட்டு முற்றத்தில் கோழி முட்டையிடக் கேறிக்கொண்டிருந்தது. மஞ்சள் நிலம் குடியிருக்க மட்டும். முட்டையிடுவது குடியிருப்பதில் சேருமா?

"முட்டை உற்பத்திவே. ஊதாவுலதான் நடக்கணும்," என்றார் பிரமநாயகம்.

மாசானம் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செங்கல் சூளைக்கு ஓடினார். பொழுது சாயும்வரை அதன் எதிரே குத்தவைத்திருந்தார். சூளை வாசலில் அது முட்டையிடவில்லை. திரும்பி வரும் வழியில், சாம்பல் நிறச் சாலையில், அவர் சட்டைப் பைக்குள் இட்டது. சட்டைப் பைக்கு என்ன நிறம் என்பதில் சங்கம் இரண்டாகப் பிரிந்தது.

இதையெல்லாம் உலகநாதன் பெருமையோடு வீட்டில் சொன்னார். கோமு மாவை வழித்துக்கொண்டே கேட்டாள்.

"நம்ம வீடு என்ன நிறம்?"

"மஞ்சள். நானே தீட்டுனேன். ஓரத்துல ஒரு பொட்டுகூட வெளிய போகல."

"அப்ப இந்த வடைக்கடை?"

உலகநாதனின் முகத்திலிருந்த வெளிச்சம் மெல்ல இறங்கியது. வடை வியாபாரம். வியாபாரம் சிவப்பு. சிவப்பில் ஒரு கடைக்கு முன்பணம் கொடுக்க இரண்டு பூவாணிகளையும் விற்றால்தான் முடியும்.

"கோமு, மஞ்சள்ல வடை சுடலாகாது," என்றார்.

கோமு சண்டை போடவில்லை. அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். ராத்திரி அவர் இலை முன்னால் உட்கார்ந்தபோது, அதில் ஒரு பிடி பச்சரிசியை வைத்தாள்.

"என்ன கோமு இது?"

"சோறு பொங்குறதும் உற்பத்திதான? சூளைப்பக்கம் போயிப் பொங்கிக்கிடுங்க. மஞ்சள்ல குடியிருக்கத்தான் செய்யலாம். நான் குடியிருக்கேன்." சொல்லிவிட்டுச் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து, மிகுந்த ஒழுங்கோடு குடியிருந்தாள்.

நாட்கள் போயின. கொள்கை நன்றாக நடந்தது, பட்டினியில் உலகநாதனின் இடுப்பில் வேட்டிதான் நிற்கவில்லை. மாலை வெயில் மட்டும் யாரிடமும் அனுமதி கேட்காமல், மஞ்சளிலிருந்து பச்சைக்கும் பச்சையிலிருந்து நீலத்துக்கும் கடந்து போய்க்கொண்டிருந்தது.

மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்பதும் உத்தரவில் இருந்தது. பிரமநாயகத்தின் மாடியறையில் கூட்டம். மற்றவர்கள் பயந்து வரவில்லை, கோமு மட்டும் வந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க இருக்கிற இந்த மாடி என்ன நிறம்?"

"மஞ்சள் தாயி. என் வீடுல்லா."

"இங்க குடியிருக்கீயளா, கொள்கை வகுக்கீயளா?"

மறுகணம் நால்வரும் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு, தீப்பிடித்தவர்கள்போல மாடிப்படியில் இறங்கி ஓடினார்கள்.

கொள்கை வகுக்க ஊரில் எந்த நிறமும் இல்லை. சரி, சாலையில் கூடுவோம் என்றார் ஆவுடையப்பன். ஆனால் சாலையின் பயன்பாடு போவது, நின்றால் மீறல். ஆகையால் கூட்டம் நடந்துகொண்டே நடந்தது. தீர்மானத்தை முன்மொழிந்தவர் பிள்ளையார் கோவிலைத் தாண்டும்போது வழிமொழிய வேண்டியவர் பின்தங்கி, பேருந்து நிறுத்தத்தில் இருமிக்கொண்டிருந்தார்.

"இருமறதுக்கு நிக்காதியும்வே!" என்று கத்தினார் பிரமநாயகம். "இருமிக்கிட்டே வாரும்!"

கால் ஓய்ந்து, வரைபடத்தை விரித்துப் பிடித்தபடி நடக்கையில்தான் உலகநாதனின் கண்ணில் அது பட்டது.

"அண்ணாச்சி, எல்லைக்கோடு! வெறும் பென்சில் கோடுல்லா, அதுக்கு நிறமே கெடையாது. அங்க என்ன செஞ்சாலும் தப்பில்ல!"

பென்சில் கோட்டின் தடிமனை அளவுகோல் கணக்குப்படி தரைக்குக் கொண்டுவந்தால், ஓர் ஆள் சம்மணம் போடும் அகலம் வந்தது. இரண்டு ஊர்களுக்கும் நடுவே அந்த அகலத்தில், ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி, நால்வரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். முன்னால் இருந்த தலைவருக்கு யார் கையைத் தூக்கினார்கள் என்று தெரியாது. அதனால் தீர்மானங்கள் எல்லாம் ஒருமனதாக நிறைவேறின.

செய்தி கேட்டுக் கோமு அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து கோட்டில் வைத்தாள்.

"இங்க நிறம் இல்லைல்லா?"

"இல்ல," என்றார் உலகநாதன். எண்ணெய் காயும் வாசனையில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வடைக்கடை பிழைத்தது. அதைப் பார்த்து முடிதிருத்துபவர் நாற்காலியோடு வந்தார். கோழி வந்தது. ஆட்டுக்காரன் ஆடுகளைக் கோட்டில் இறக்கிவிட்டுக் கையை உதறினான். முருங்கை, கல்யாணம், பள்ளிக்கூடம் எல்லாமே வந்தன. இரண்டு பூவாணிகளும் கோட்டில் ஒற்றை வரிசையாக நின்றன. ஊர்களுக்குள் ஒரு மீறல்கூட இல்லை என்று சங்கம் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியது.

கடைசியில் கோட்டில் கூட்டம் போட இடமில்லாமல் போயிற்று. கல்யாண மாப்பிள்ளைக்கும் ஒரு கிடாவுக்கும் நடுவே நசுங்கிக்கொண்டு, சங்கம் கடைசித் தடவையாகக் கூடியது.

"நிறமில்லாத இடம் இனி எங்கவே இருக்கு?" என்றார் பிரமநாயகம், கழுத்தைத் திருப்ப முடியாமல்.

ஆவுடையப்பன் பெருமூச்சு விட்டார். மாசானம் கிடாவைத் தள்ளினார். அப்போது கோமு கொடுத்தனுப்பிய வடை கைமாறிக் கைமாறி உலகநாதனிடம் வந்து சேர்ந்தது. சுடச்சுட இருந்தது. வாய்க்குக் கொண்டுபோனவர் சட்டென்று நிறுத்தினார். அதைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். நடுத்துளை வழியாகத் தலைவரின் பிடரி தெரிந்தது.

"அண்ணாச்சி! சுத்திவரப் பொன்னிறம். நடுவுல நிறமே இல்ல!"

வடை கைமாறி முன்னால் போனது. பிரமநாயகம் கண்ணாடி போட்டு ஒருமுறை பார்த்தார், கழற்றிவிட்டு ஒருமுறை பார்த்தார்.

"மெய்தான்வே. அடுத்த கூட்டம் இதுக்குள்ளதான்."

உலகநாதன் எட்டி, அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏ கோமு! நாளைக்கு நாலு பேரு உக்காரணும். ஓட்டையக் கொஞ்சம் பெருசாப் போடு!"