ஒருவருக்கு ஒரு தீவு

நடுவரே களைத்துப்போயிருந்த ஒரு மதியம் வந்து சேர்ந்த வழக்கு இது. முழுவதையும் கேட்டுவிட்டு உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

நாகர்கோவிலில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள் இன்பசீலி. காலை ஆறரைக்கு ஊசியை எடுத்தால், சாப்பாட்டு நேரத்துக்குள் அறுபது எழுபது பேரின் கைகளில் நரம்பு தேடி முடித்திருப்பாள். அவளுக்குச் சம்பளமில்லாத இன்னொரு வேலையும் உண்டு. ‘ஆழித்தீவு’ என்ற இணைய விளையாட்டில் தமிழ் ஆட்டக்காரர்கள் முந்நூறு பேர் சேர்ந்து நடத்தும் போட்டிக்கு அவள்தான் நடுவர். வேறு யாரும் முன்வராததால், ஆடுகிறவளே நடுவராகவும் இருந்து எட்டு வருடமாகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் எளிது. ஆளுக்கு ஒரு தீவு. பயிர் வைக்கலாம், கப்பல் விடலாம், அடுத்த தீவின் மேல் படையெடுக்கலாம். வருடக் கடைசியில் முதலிடத்தில் நிற்பவர், நடுக்கடலில் புதிதாக எழும்பும் கலங்கரை விளக்கத்துக்குப் பெயர் சூட்டலாம். அந்தப் பெயர் வரைபடத்தில் நிரந்தரமாக நிற்கும். பரிசு அவ்வளவுதான். அதற்காகத்தான் அத்தனை பேரும் வருடம் முழுக்க மல்லுக்கட்டினார்கள். போட்டிக்கு முக்கியமான விதி ஒன்றே ஒன்று: ஒருவருக்கு ஒரு தீவு.

இந்த வருடம் முதல் மூன்று இடங்களின் மேலும் புகார் வந்துவிட்டது.

முதலிடம் ஓசூர் குணாளனுக்கு. அவன் நான்கு பெயர்களில் நான்கு கணக்குகள் வைத்திருந்தான். மூன்று தீவுகளில் விளைந்ததெல்லாம் நான்காவது தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. கேட்டபோது அவன் மறைக்கவில்லை.

“நாலையும் நானே கைப்பட ஆடினேன் மேடம். நாலு மடங்கு உழைச்சிருக்கேன். உழைப்புக்கு மரியாதை கிடையாதா?”

இரண்டாமிடம் திண்டுக்கல் சாதிக்குக்கு. கணக்கு ஒன்றுதான். ஆனால் அவனும் அவன் தம்பிகள் இருவரும் முறை வைத்து அதை ஆடினார்கள். எந்த நேரத்தில் படை வந்தாலும் அந்தத் தீவில் ஒருவர் விழித்திருந்தார்.

“மூணு பேருக்கும் சேர்த்தே ஒரு தீவுதானேக்கா வச்சிருக்கோம்? விதி குடுத்ததவிட கம்மிதான்” என்றான் சாதிக்.

மூன்றாமிடம் தூத்துக்குடி அருளப்பனுக்கு. அவர் மனைவி ரெஜினாவுக்கும் ஒரு தீவு உண்டு. அது நாற்பத்தொன்றாம் இடத்தில் கிடந்தது. வாதம் வந்ததிலிருந்து அருளப்பனுக்கு இரண்டு கையும் எழவில்லை. அவர் சொல்லச் சொல்ல ரெஜினாதான் அவர் தீவையும் ஆடினாள். குணாளனும் சாதிக்கும் அதுவரை ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருந்தவர்கள். இந்த விஷயத்தில் மட்டும் சேர்ந்துகொண்டு ஒரு கடிதம் எழுதினார்கள். “ஒரே போன், ஒரே விரல், இரண்டு தீவு. எங்களை நீக்கினால் அவரையும் நீக்குங்கள்.”

இன்பசீலி சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பட்டியலில் நான்காவதாக இருந்தது அவளுடைய சொந்தத் தீவு. மூவரையும் நீக்கிவிட்டு, ‘விதி எல்லோருக்கும் பொது’ என்று ஒரு வரி எழுதினால் போதும். எட்டு வருடத்தில் அவள் இவ்வளவு மேலே வந்ததில்லை. அவளுக்கும் ஆசை வந்தது, வராமல் இருக்குமா? விரல் எழுதக்கூடத் தொடங்கியது. பிறகு பெருமூச்சு விட்டு அழித்தாள். ரெஜினாவை வீடியோவில் கூப்பிட்டாள்.

“எப்படி ஆடுறீங்கன்னு நான் ஒருதடவை பாக்கணும்.”

ரெஜினா தன் போனைக் கணவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய போனில் அவருடைய தீவைத் திறந்தாள். அருளப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குழறலாக ஏதோ சொன்னார்.

“அந்தப் பக்கம் புயல்ங்க. கப்பல் விட வேண்டாம்” என்றாள் ரெஜினா.

“விடு” என்றார் அவர். அந்த ஒரு சொல் மட்டும் தெளிவாக வந்தது.

அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே விட்டாள். கப்பல் கவிழ்ந்தது.

“நீங்க சொன்னா கேக்க மாட்டாரா?”

“என்னைக்குக் கேட்டாருக்கா? போன மாசம் என் தீவு மேலயே படையெடுக்கச் சொன்னாரு. என் கையாலயே என் கோட்டையை இடிச்சேன். அதுல விழுந்ததுதான் என் இடம்.”

இன்பசீலி பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். போர் நடந்தது உண்மை. அந்த இரண்டு தீவுகளுக்குள் ஒரு மூட்டை நெல்கூடக் கைமாறியதில்லை. குணாளனின் நான்கு தீவுகளையும் பார்த்தாள். அவை ஒருநாளும் சண்டையிட்டதில்லை.

சோறு ஆறிப்போயிருந்தது. வெளியே அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். நால்வரில் கலங்கரை விளக்கத்துக்குப் பெயர் சூட்டும் உரிமை யாருக்கு?

*விடை:* அருளப்பனுக்கு. விதி எண்ணச் சொல்வது விரலையோ போனையோ அல்ல, முடிவெடுக்கும் ஆளை. குணாளனிடம் ஓர் ஆளுக்கு நான்கு தீவுகள். அவன் எவ்வளவு உழைத்திருந்தாலும், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு தீவோடுதான் அவனுடைய நான்கை எதிர்த்தார்கள். சாதிக் குறைவாக வைத்திருக்கவில்லை. ஓர் ஆளின் இடத்தில் மூன்று ஆட்களை நிறுத்தியிருந்தான். தூத்துக்குடி வீட்டிலோ இரண்டு தீவு, இரண்டு மனம். கை மட்டும்தான் ஒன்று. தன் நன்மைக்கு எதிராகவே அந்தக் கை வேலை செய்ததற்குப் பதிவேடு சாட்சி. நான்காவதாக நின்றவளுக்கு உரிமை வராது. முன்னால் நிற்பவர் குற்றமற்றவர் என்று தெரிந்த பிறகு அவரை நீக்கினால் அது தீர்ப்பு ஆகாது. இன்பசீலி அப்படியே எழுதி அனுப்பினாள். நாற்பது பேர் குழுவை விட்டு விலகினார்கள். அருளப்பன் சூட்டிய பெயர் ரெஜினாவுக்குப் பிடிக்கவில்லை. இருந்தும் அவர் சொன்ன எழுத்துகளைத்தான் தட்டினாள். அடுத்த வருடத்துக்கு வேறு நடுவர் வேண்டும் என்றும் இன்பசீலி கேட்டிருந்தாள். மீதியிருந்தவர்களில் ஒருவரும் கை தூக்கவில்லை.