லோகநாயகியின் ஜன்னல்

"சத்தம் நிக்க மாட்டேங்குது அம்மா" என்றார் தருமலிங்கம்.

"எது?"

"பம்பு."

மெய்யம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

மலைச்சரிவில் இருந்த அந்த இல்லத்துக்குக் குணமாவதற்காக யாரும் வருவதில்லை. வலி குறைவாகப் போய்ச் சேர வருகிறார்கள். அதை நடத்தியவர் மெய்யம்மை. தருமலிங்கத்தைவிட வயதில் மிகவும் இளையவர். ஆனாலும் மனைவி நோயில் விழுவதற்கு முன்பிருந்தே தருமலிங்கம் அவரிடம் கேள்விகளோடு வந்து உட்கார்கிறவர். அப்போதெல்லாம் வினையைப் பற்றிக் கேட்பார், பிறவியைப் பற்றிக் கேட்பார். மெய்யம்மை பெரும்பாலும் பதில் சொல்ல மாட்டார். கையில் ஒரு வேலையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

இப்போது தருமலிங்கத்திடம் ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது.

அவருடைய மனைவி லோகநாயகி மாடியில் கடைசி அறையில் படுத்திருந்தாள். கட்டிலுக்கு நேர் எதிரே அகலமான கண்ணாடி ஜன்னல். திறக்க முடியாதது. மழைக்காலம் முழுக்க வெளிப்பக்கம் சேறும் பாசியும் படிந்து, கண்ணாடி ஏடு கட்டியதுபோல் மங்கிக் கிடந்தது. அதற்கு அப்பால் ஒரு பள்ளத்தாக்கு இருப்பதாகச் சொன்னார்கள். லோகநாயகி பார்த்ததில்லை. அவளைக் கொண்டுவந்த அன்றே மழை.

"அந்தப் பக்கம் என்னதான் இருக்குன்னு பார்த்துட்டுப் போறேனே" என்று ஒருநாள் சொன்னாள்.

வேறு ஆசை எதையும் அவள் சொல்லவில்லை.

சுவருக்குக் கீழே சரிவு. ஏணி நிற்காது. ஆனால் அந்த இல்லத்தில் இறந்துபோன ஒருவருடைய பிள்ளைகள், திரும்பிப் போகும்போது ஒரு சாதனத்தை விட்டுப் போயிருந்தார்கள். ஒரு தள்ளுவண்டி. அதில் மூடி போட்ட பிளாஸ்டிக் தொட்டி, பேட்டரி, கையளவு பம்பு. அதிலிருந்து நீண்ட குழாய். குழாயின் முனையில், நுனியில் பிரஷ் வைத்த நெடுங்கம்பு. சரிவில் ஒரு மனிதன் காலூன்றி நின்றால் கம்பு மாடி ஜன்னலை எட்டும். தண்ணீர் பிரஷ் வழியாகப் பீச்சும். தேய்த்தால் போதும்.

எல்லாம் சரிதான். பம்புதான் கத்தியது. தகரத்தின்மேல் கல்லைப் போட்டு உருட்டுவதுபோலக் கத்தியது.

லோகநாயகிக்கு இப்போதெல்லாம் ஸ்பூன் கீழே விழுந்தாலே உடம்பு சுருங்கும். பம்பு ஓடியபோது அவள் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். நர்ஸ் எஸ்தர் மாடிப்படியில் ஓடிவந்து நிறுத்தச் சொன்னாள். சத்தம் அடங்கும்வரை அந்த வண்டி இந்தச் சுவர்ப்பக்கமே வரக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள்.

"என்னென்ன செஞ்சு பார்த்தீங்க?" என்று மெய்யம்மை கேட்டார்.

தருமலிங்கம் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செய்ததை வரிசையாகச் சொன்னார். வடிகட்டியைக் கழற்றிக் கழுவியிருக்கிறார். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றியிருக்கிறார். குழாய் சேரும் இடங்களில் புது கிளிப் போட்டு இறுக்கியிருக்கிறார். பம்பின் திருகுகளை இறுக்கியிருக்கிறார்.

"அப்புறம்?"

"இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்."

மெய்யம்மை சிரித்தார். "ரயில்வேயில வேற எதுவும் சொல்லித் தரலையா உங்களுக்கு?"

"ஒழுகக் கூடாதுன்னு சொல்லித் தந்தாங்க" என்றார் தருமலிங்கம். அவர் சிரிக்கவில்லை. "முத நாளே மூடியில ஒரு பொத்தல் வழியா தண்ணி தெறிச்சு, வராந்தா பூரா ஈரம். எஸ்தர் சிஸ்டர் தட்டோட வழுக்கப் பார்த்தாங்க. பசை வெச்சு அடைச்சேன். மூடியைச் சுத்தி ரப்பர் வெச்சு முறுக்கினேன். அதுலேர்ந்து ஒரு சொட்டு வெளிய வரல."

அதைச் சொல்லும்போது மட்டும் குரலில் கொஞ்சம் தெம்பு இருந்தது.

மெய்யம்மை ஒரு காம்பை ஒடித்துப் போட்டார்.

"கஞ்சி ஆயிருக்கும். கொண்டு போங்க."



லோகநாயகி விழித்திருந்தாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்க அங்கே ஒன்றுமில்லை.

"அடங்கிடுச்சா அது?"

"நாளைக்கு அடக்கிடுவேன்."

அவர் கட்டிலருகே உட்கார்ந்தார். அவள் சற்று நேரம் அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஏங்க."

"ம்."

"நான் போனதுக்கப்புறம்..."

"கஞ்சி ஆறுது லோகா."

"ஆறட்டும். அதுக்கென்ன அவசரம். எனக்குத்தானே அவசரம்."

அவர் ஸ்பூனை அவள் உதட்டில் வைத்தார். அவள் விழுங்கினாள்.

எப்போதும் அப்படித்தான். அவள் தொடங்குவாள். காலையில் என்றால் மாத்திரை வந்துவிடும். மத்தியானம் என்றால் டாக்டர் வருகிற நேரம். சாயங்காலம் காற்று கதவை அடிக்கும், அவர் எழுந்து போய்த் தாழ்ப்பாளைச் சரிபார்ப்பார். திரும்பி வரும்போது அவள் கண்ணை மூடியிருப்பாள். பெரிய ஆபத்து ஒன்றைத் தாண்டியவர்போல அவர் நாற்காலியில் சாய்ந்துகொள்வார்.

வராந்தாவில் எஸ்தர் நின்றிருந்தாள். தணிந்த குரலில் பேசினாள். லோகநாயகியின் மூச்சு மாறிவிட்டது என்றாள். யாருக்காவது சொல்ல வேண்டியிருந்தால் சொல்லிவிடுங்கள் என்றாள்.

தருமலிங்கம் தலையாட்டினார். பிறகு, பம்பின் உள்ளே ரப்பர் கிழிந்திருக்கலாம், அதைத்தான் இன்னும் பார்க்கவில்லை என்றார்.

எஸ்தர் அறைக்குள் போனாள்.



மறுநாள் பம்பை முழுக்கப் பிரித்துப்போட்டார். ஒவ்வொன்றாகத் துடைத்தார். ரப்பர் கிழியவில்லை. எதுவும் தேயவில்லை. எதுவும் உடையவில்லை. திரும்பப் பூட்டினார்.

மெய்யம்மையிடம் வந்தார்.

"பம்புல ஒரு குத்தமும் இல்ல அம்மா."

"அப்ப ஏன் கத்துது?"

"தெரியல."

"கேட்டீங்களா?"

கிண்டல் செய்கிறாரோ என்று தருமலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். மெய்யம்மையின் முகத்தில் கிண்டல் இல்லை.

"அதை நிறுத்தறதுக்குத்தான் இத்தனை பாடுபடுறீங்க. ஒருநாளாவது கேட்டீங்களா?"

தருமலிங்கம் வண்டியைச் சமையலறைக்குப் பின்னால், மாடிக்குச் சத்தம் எட்டாத மேட்டுக்கு இழுத்துப் போனார். பம்பை ஓடவிட்டார். இந்த முறை கையில் ஸ்பானர் எடுக்கவில்லை. ஈரத்தரையில் குந்தி, காதை அருகே கொண்டுபோனார்.

முதலில் நன்றாகத்தான் ஓடியது. பிறகு முனகியது. பிறகு தவித்தது. கம்பு முனையில் தண்ணீர் நூலாக மெலிந்தது. பிறகு அந்தச் சத்தம் வந்தது. அவர் காதை எடுக்கவில்லை. இதே ஒலியை வேறு எங்கோ, மிக அருகில், பல இரவுகளாகக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தார்.

"உறிஞ்சுது அம்மா. தொட்டியில தண்ணி இருக்கு. ஆனா இழுத்தா வர மாட்டேங்குது. அதான் அடிச்சுக்குது."

"எப்பவுமா?"

"மூடியைத் திறந்து தண்ணி ஊத்தினா கொஞ்ச நேரம் நல்லாப் போகுது. மூடினப்புறம் மறுபடி அதே கதை."

மெய்யம்மை ஏதோ சொல்லப்போகிறார் என்று தருமலிங்கம் காத்திருந்தார்.

"கூடத்துல விளக்குக்கெல்லாம் எண்ணெய் இல்ல" என்றார் மெய்யம்மை. "டின் அங்கேயே இருக்கு. ஊத்திட்டுப் போங்க."



கூடத்தில் அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக விளக்குகள் இருந்தன. மண் அகல்கள். வரிசையாக இல்லை. வைத்தவர்கள் வைத்த இடத்தில் இருந்தன.

நல்லெண்ணெய் டின் புதிது. மூலையில் ஒரு துளை போட்டிருந்தது. தருமலிங்கம் டின்னைத் தூக்கி அகலில் சாய்த்தார். எண்ணெய் வரவில்லை. பிறகு களக் களக் என்று விக்கிக்கொண்டு குபுக்கென்று கொட்டியது. அகலை விட்டுத் தரையில் விழுந்தது. அவர் வேட்டியிலும் தெறித்தது.

மெய்யம்மை கதவோரம் வந்து நின்றார்.

"யாரு போட்டது இது?" என்றார் தருமலிங்கம். "ஒரு ஓட்டைதான் இருக்கு."

"நான்தான் போட்டேன். எண்ணெய் வர ஒண்ணு போதாதா?"

"எப்படிம்மா போதும்? காத்து உள்ள போக வேணாமா?"

சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல எரிச்சலோடு சொன்னார். ஜன்னல் விளிம்பில் ஓர் ஆணி கிடந்தது. அதை எடுத்து டின்னின் எதிர்மூலையில் வைத்துக் கல்லால் ஒரு தட்டு தட்டினார். டின்னைச் சாய்த்தார்.

எண்ணெய் ஒலியே இல்லாமல் ஒரே இழையாக இறங்கியது.

ஓர் அகல் நிறைந்தது. இன்னொன்று. மூன்றாவதில் ஊற்றிக்கொண்டிருந்தவரின் கை அப்படியே நின்றது. எண்ணெய் மட்டும் நிற்கவில்லை.

"விளக்கு வழியுது ஐயா" என்றார் மெய்யம்மை.

தருமலிங்கம் டின்னைக் கீழே வைத்தார். ஆணியைக் கீழே வைக்கவில்லை.



தொட்டியின் இரண்டு பக்கங்களும் உள்ளே ஒட்டியிருந்தன. இத்தனை நாளும் பம்பு ஓடியபின் அவை அப்படித்தான் இருந்தன. அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பழைய தொட்டி, இளைத்துவிட்டது என்று நினைத்திருந்தார். கன்னம் ஒட்டிய முகம்போல இருந்தது அது.

தானே அடைத்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பசை கல்லாகியிருந்தது. நல்ல வேலை. ஒரு குறை சொல்ல முடியாது.

ஆணியை வைத்து அடித்தார். இறங்கவில்லை. மறுபடி அடித்தார்.

தொட்டி மூச்சு இழுத்தது.

நீளமான மூச்சு. பிறகு ஒட்டியிருந்த பக்கங்கள் டொப்பென்று வெளியே வந்தன. தருமலிங்கம் திடுக்கிட்டு ஓர் அடி பின்வாங்கினார்.

பம்பை ஓடவிட்டார். காத்திருந்தார். முனகும் நேரம் வந்தது. முனகவில்லை. கத்தும் நேரம் வந்தது. பக்கத்து அறையில் யாரோ தணிவாகப் பேசிக்கொண்டிருப்பதுபோல அது ஓடிக்கொண்டே இருந்தது.

வண்டியை வராந்தா வழியாகத் தள்ளிக்கொண்டு சரிவுக்குப் போனார். ஆட்டத்தில் மூடித் துளையிலிருந்து தண்ணீர் தெறித்தது. கையை நனைத்தது. தரையை நனைத்தது. அவர் துடைக்கவில்லை.

எஸ்தர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். சற்று நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். தடுக்கவில்லை.

காலை ஊன்றிக் கம்பை உயர்த்தினார். பிரஷ் கண்ணாடியைத் தொட்டது. தண்ணீர் பாய்ந்தது. செம்மண் கரைந்து சுவரில் வழிந்தது. பாசி சுருள் சுருளாகக் கழன்றது. மேலேயிருந்து கீழாகத் தேய்த்தார். முதலில் அறையின் கூரை தெரிந்தது. பிறகு மின்விசிறி. பிறகு எஸ்தரின் வெள்ளைத் தொப்பி. அவள் தலையணையை உயர்த்திக்கொண்டிருந்தாள்.

பிறகு லோகநாயகி.

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முதுகுப்பக்கம் இருந்த பள்ளத்தாக்கை. அங்கே மேகம் கிடந்தது. எதிர் மலையின் வளைவில் ஒரு பஸ் ஊர்ந்து ஏறியது. அது மறையும்வரை அவள் கண்கள் அதோடு போயின.

பிறகு கண்ணைத் தாழ்த்தி அவரைப் பார்த்தாள்.

அவள் உதடுகள் அசைந்தன.

தருமலிங்கம் பம்பை நிறுத்தினார். ஈரக் கண்ணாடியையே பார்த்தார். அவள் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கையைக் காதருகே குவித்தார். அப்போதும் கேட்கவில்லை.

மெய்யம்மை எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கம்பிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சத்தம் நின்னுடுச்சே" என்றார்.

"நின்னுடுச்சு அம்மா."

"அப்புறம் ஏன் இங்கேயே நிக்கறீங்க?"



தருமலிங்கம் ஈரக்காலோடு மாடியேறினார். வராந்தாக் கல்லில் தடம் பதிந்தது. எஸ்தர் அதைப் பார்த்தாள். ஒதுங்கி வழிவிட்டாள்.

அறைக்குள் வெளிச்சம் புதிதாக இருந்தது. அதில் எல்லாம் தெரிந்தது. போர்வையின் தையல் தெரிந்தது. அவள் கழுத்து எலும்பு தெரிந்தது. இவ்வளவு மெலிந்துவிட்டாளா என்று அவர் அப்போதுதான் பார்த்தார்.

"மலை இவ்வளவு கிட்டவா இருந்திச்சு" என்றாள் லோகநாயகி. காற்றில் பாதி கரைந்த குரல்.

"ம்."

"பஸ் போவுது."

"பார்த்தேன்."

மேஜைமேல் கஞ்சிக் கிண்ணம் இருந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது.

"ஏங்க."

"ம்."

"நான் போனதுக்கப்புறம்..."

அவள் அங்கே நிறுத்தினாள். பழக்கம்தான். எப்போதும் அந்த இடத்தில்தான் அவர் ஏதாவது சொல்வார்.

தருமலிங்கம் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தார். அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தார்.

"சொல்லு" என்றார்.